எம்டனின் தங்கைகள்

சண்டை ஆரம்பித்தது ஒரு ஒற்றை எழுத்தில். அம்பத்தூரில் நண்பனின் ரூம். நாலு பேர், ஒரு லேப்டாப், பரோட்டா பார்சல். 'ஆர்பெஜியோ ஆஃப் ப்ளூ ஸ்டீல்' சீரிஸை இரண்டாவது முறையாக ஓட்டிக்கொண்டிருந்தோம். ஐந்தாவது எபிசோடோ ஆறாவதோ, ஹருனா அந்தச் சின்னப் பெண்ணுக்கு முன்னால் போய் நின்று மறைக்கிற இடம். பட்டாபிராம்காரன் சொன்னான்: "இங்கதான்டா அது மாறுது." பூந்தமல்லிக்காரி உடனே திரும்பினாள். "அது இல்ல. அவ."

"போர்க்கப்பல்டி அது. முப்பதாயிரம் டன் இரும்பு."

"இப்ப அழுதது யாரு, இரும்பா?"

பரோட்டா ஆறியதுதான் மிச்சம். ராத்திரி ஒரு மணி வரைக்கும் அது, அவ, அது, அவ. ரூமைவிட்டு வெளியே வரும்போது எனக்கு ஒன்று உறைத்தது. இணையத்தில் இந்த சீரிஸைப் பற்றி மாய்ந்து மாய்ந்து பேசுகிறவர்கள், எந்தக் கதாபாத்திரம் எவ்வளவு வளர்ந்தது, அயோனாவா டக்காவோவா கொங்கோவா என்று பட்டியல் போடுவார்கள். நாம் தமிழில் பேச உட்கார்ந்ததும் பட்டியலுக்கு முன்னாடியே மொழி நம்மைப் பிடித்துக்கொள்கிறது. வினைமுற்றுக்கு வந்ததும் முடிவு செய்தாக வேண்டும். வந்ததா, வந்தாளா? கேரக்டர் டெவலப்மென்ட் என்று நாம் சொல்வது தமிழில் ஒரு விகுதிப் பிரச்சினை.

பார்க்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆர்க் பெர்ஃபார்மன்ஸ் என்ற பெயரில் இயங்கும் கூட்டணி 2009ல் தொடங்கிய மாங்கா. 2013 அக்டோபர் முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு எபிசோட் அனிமேயாக வந்தது. இயக்கம் செய்ஜி கிஷி. 2015ல் இரண்டு படங்கள். 2039ல் கடல்மட்டம் உயர்ந்து கிடக்கும் உலகத்தில், மூடுபனிக் கடற்படை என்று ஒன்று எங்கிருந்தோ தோன்றுகிறது. பார்க்க அச்சு அசல் இரண்டாம் உலகப்போர்க் கப்பல்கள். உள்ளே இருக்கிற தொழில்நுட்பமோ மனிதனுக்கு எட்டாதது. மனிதர்களின் கப்பற்படையை அடித்து நொறுக்கி, கடலைவிட்டே துரத்திவிடுகிறது. நாடுகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. பதினேழு வருடம் கழித்து, அந்தக் கடற்படையைச் சேர்ந்த நீர்மூழ்கி ஐ-401 மட்டும் மனிதர்கள் பக்கம் நிற்கிறது. கேப்டன் சிஹாயா குன்ஸோ, ஒரு பையன். கப்பலின் மனித வடிவம் அயோனா, ஒரு சின்னப் பெண். மூடுபனிக் கப்பல்களை அழிக்கக்கூடிய அதிர்வு ஆயுதம் ஒன்றின் மாதிரியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வழியில் மற்ற கப்பல்கள் மறிக்கின்றன.

எனக்குப் பிடித்த ஒரு விஷயம் இதில் உண்டு. கப்பல்களுக்கு எதற்கு மனித உருவம்? அழகுக்கு இல்லை. பலத்தில் ஜெயித்துவிட்டார்கள், ஆனால் தந்திரம் வரவில்லை. மனிதன் எப்படி யோசிக்கிறான் என்று தெரிந்துகொள்ள மனித உடம்பு போட்டுப் பார்க்கிறார்கள். 'மென்டல் மாடல்' என்று பெயர். அதாவது மனசு என்பது ஒரு போர்த்தந்திரக் கொள்முதல். வாங்கிய சரக்கோடு கூடவே தனிமை, பயம், வெட்கம் எல்லாம் வந்து இறங்குகின்றன. திருப்பி அனுப்ப முடியவில்லை. இந்த ஒரு யோசனைக்காகவே சீரிஸின் மற்ற தப்புகளை நான் பெரும்பாலும் மன்னித்துவிடுவேன். பெரும்பாலும்.

*

நன்னூலில் ஒரு விதி இருக்கிறது. ஸ்கூலில் திணை வழுவமைதி என்று மனப்பாடம் செய்து மறந்திருப்போம். அஃறிணையை உயர்திணையாகச் சொல்வது வழு, தப்பு. ஆனால் சில காரணங்கள் இருந்தால் தப்பில்லை என்று இலக்கணமே விட்டுக்கொடுக்கிறது. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு. இந்த ஐந்தில் ஏதோ ஒன்றால் திணையோ பாலோ மாறினால் இயல்புதான், போகட்டும். பசுமாட்டைப் பார்த்து 'என் அம்மா வந்தாள்' என்கிறானே ஒருத்தன், அது முதல் காரணத்துக்கு உதாரணம்.

கவனித்தீர்களா, இந்த ஐந்தில் எதுவுமே மாட்டின் தகுதி இல்லை. மாடு யோசிக்கிறதா, அழுகிறதா, வளர்ந்ததா என்று இலக்கணம் கேட்கவே இல்லை. சொல்கிறவன் மனசில் என்ன நடந்தது என்று மட்டும்தான் கேட்கிறது. அம்பத்தூர் ரூமில் நடந்த சண்டைக்கு நன்னூல் சொல்லும் தீர்ப்பு, கப்பல் மாறியதா என்று பார்க்காதே, உன் நண்பி எந்தக் காரணத்தால் 'அவ' என்றாள் என்று பார். தீர்ப்பு நல்ல தீர்ப்புதான். ஆனால் முழுசாக ஒத்துக்கொள்ள எனக்கு மனசில்லை. ஏனென்றால் ஹருனா விஷயத்தில் உண்மையாகவே கப்பல் பக்கம் ஏதோ நடக்கிறது.

யோகோசுகாவில் 401ஐத் தாக்க வந்து தோற்ற ஹருனா, கரையில் ஒரு கிடங்கில் கிடக்கிறாள். கண்டெடுப்பது ஒஸகாபே மாகியே என்ற சிறுமி. ஹருனாவிடம் ஒரு பழக்கம்: புதிதாக ஒரு சொல்லைக் கேட்டால் குறிச்சொல் போட்டு, வகைபிரித்து, பதிவு செய்துகொள்வாள். அகராதி தயாரிக்கிற கப்பல். தோழி என்ற சொல்லும் அப்படித்தான் உள்ளே போகிறது. மேலே போட்டிருக்கும் பெரிய கோட்டைக் கழற்றிவிட்டால் ஆளே மாறி, வெட்கத்தில் சுருண்டு போவாள். ரசிகர்கள் இதை ஒரு காமெடியாக மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் கோட்டில்தான் பாத்திரமே இருக்கிறது. கவசம் என்று சொல்லப்பட வேண்டிய பொருள், துணியாக மாறியிருக்கிறது. கவசமில்லாமல் ஒரு போர்க்கப்பலுக்கு எப்படி இருக்கும் என்பதை ஒரு சின்ன நடிப்பில் காட்டிவிடுகிறார்கள். கூட இருந்த இன்னொரு போர்க்கப்பல் கிரிஷிமாவோ உடம்பு போதாமல் ஒரு பொம்மைக் கரடிக்குள் குடியேறிவிடுகிறது. கரடிக்குள் இருந்துகொண்டு அதிகாரமாகப் பேசும். அதைப் பற்றி நாலு பேரும் சண்டை போடவில்லை. கரடி எல்லாருக்கும் 'அவ'தான்.

இந்த எபிசோட்களை நான் திரும்பத் திரும்பப் பார்க்கக் காரணம் மாகியே. அவள் பிறந்த குழந்தை இல்லை. மரபணு வடிவமைத்து உருவாக்கப்பட்டவள். மூடுபனியைக் கொல்லக்கூடிய அந்த ஆயுதத்தை வடிவமைத்ததே அவள்தான். அதாவது மனிதர்கள் ஆயுதத்துக்காக ஒரு குழந்தையைத் தயாரித்திருக்கிறார்கள். கப்பல்கள் தந்திரத்துக்காக ஒரு பெண்ணைத் தயாரித்திருக்கின்றன. இரண்டு தயாரிப்புகளும் ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகின்றன. வேலை முடிந்ததும் அந்தக் குழந்தையைத் தீர்த்துக்கட்ட வருவது மனிதர்களின் ராணுவம். நடுவில் போய் நிற்பது, அந்தக் குழந்தை கொல்லப் பார்த்த கப்பல். 'அது' யார், 'அவள்' யார் என்ற கேள்வி இங்கே தலைகீழாகிவிடுகிறது. துப்பாக்கியோடு வரும் ஆட்களை நம் ரூமில் யாரும் 'அவர்கள்' என்றுகூடச் சொல்லவில்லை. "வந்துட்டானுங்க" என்றோம். நன்னூலின் ஐந்தாவது காரணம்.

டக்காவோ பற்றிச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் கோபம் வரும். 401இடம் தோற்ற கனரகக் கப்பல். தோற்றதும் குன்ஸோ மேல் காதல். எனக்கும் ஒரு கேப்டன் வேண்டும் என்று ஏங்குகிறாள். சிரிக்கவும் வைக்கிறாள், ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் அயோனாவையும் குன்ஸோவையும் காப்பாற்றத் தன் கப்பல் உடம்பையே கரைத்துக் கொடுத்துவிடுகிறாள். இணைய ரசிகர்கள் இதைத்தான் சீரிஸின் பெரிய வளர்ச்சி என்று கொண்டாடுகிறார்கள். தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு இவளைத் தெரியாதா? ஹீரோவை ஒருதலையாகக் காதலித்து, இன்டர்வெலுக்கு அப்புறம் குண்டுக்குக் குறுக்கே பாய்ந்து, ஹீரோ மடியில் கண்ணை மூடும் இரண்டாவது ஹீரோயின். பத்தாயிரம் டன் எடையில் வந்திருக்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். பிறருக்காகக் கரைவது மட்டும்தான் ஒரு பெண் அடையக்கூடிய உச்ச வளர்ச்சி என்றால், அவள் கப்பலாகவே இருந்திருக்கலாம்.

கொங்கோ வேறு. கொங்கோதான் இந்த சீரிஸ். மூடுபனிக் கப்பல்கள் தமக்குள் மனசால் பேசிக்கொள்ள ஒரு வெளி இருக்கிறது. தோட்டத்து மண்டபம், தேநீர் மேஜை. கொங்கோ அங்கே உட்கார்ந்துகொண்டு மற்றவர்கள் ஒவ்வொருவராகக் 'கெட்டுப்போவதை'ப் பார்க்கிறாள். மனசு வந்ததால்தான் இந்தக் குழப்பம் என்று அவளுக்குத் தெரியும். அவள் சொல்வதில் தப்பே இல்லை. அவளுக்குக் கூட்டாளி மாயா மட்டும். எப்பவும் சிரிப்பு, எப்பவும் பியானோ, எப்பவும் துள்ளல். ஒரு கட்டத்தில் தெரிகிறது, மாயாவுக்குள் யாரும் இல்லை. கொங்கோவைக் கண்காணிக்க வைக்கப்பட்ட பொம்மை. கேட்டால் பதில் சொல்லும், சிரிக்கும். அத்தனையும் முன்பே போட்டு வைத்த வாசகங்கள்.

2013ல் முதல்முறை பார்த்தவர்களுக்கு அது ஒரு ட்விஸ்ட். இந்த வருடம் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு செயலியிடம் மனசைக் கொட்டி, அது சொல்லும் ஆறுதலில் தூங்கிப்போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? மாயாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டு கொங்கோ நிற்கிற அந்த ஷாட்டில் பூந்தமல்லிக்காரி லேப்டாப்பை நிறுத்திவிட்டாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் கொங்கோ வெறிபிடித்தவளாகிறாள். வெறி என்பதும் வளர்ச்சிதான் என்று நான் வாதிடுவேன். அன்பைக் கற்றுக்கொண்ட கப்பல்களுக்கு எல்லாரும் கைதட்டுகிறோம். ஏமாற்றத்தைக் கற்றுக்கொண்டது ஒரே ஒரு கப்பல். கடைசி எபிசோடில் அயோனா அவளிடம் நேராகப் போய், தோழியாகலாம் என்கிறாள். கொங்கோ இறங்கி வருகிறாள். எனக்குப் போதவில்லை. அவ்வளவு பெரிய காயத்துக்கு இவ்வளவு சின்ன பிளாஸ்திரியா? பட்டாபிராம்காரன் கட்சி வேறு: "மச்சி, அவகிட்ட யாரும் அதுவரைக்கும் கேட்டதே இல்லயேடா. கேட்டதே போதும்." அவனும் 'அவ' என்றுவிட்டதை நான் அப்போது சுட்டிக்காட்டவில்லை. சுட்டிக்காட்டினால் திரும்ப 'அது'வுக்குப் போய்விடுவான்.

*

இனி எனக்கு உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன். இந்தக் கப்பல்கள் கற்பனை இல்லை.

கொங்கோ நிஜமாகவே இருந்தது. இங்கிலாந்தில் பாரோ-இன்-ஃபர்னஸ் ஊரில் விக்கர்ஸ் கம்பெனி கட்டி, 1913ல் ஜப்பானுக்குக் கொடுத்தது. அதே வரிசையில் ஹியே, ஹருனா, கிரிஷிமா என்று மூன்றை ஜப்பான் தானே கட்டிக்கொண்டது. அனிமேயில் ஒருத்தி தேநீர் குடிக்கிறாள், ஒருத்தி அகராதி தயாரிக்கிறாள், ஒருத்தி கரடிக்குள் இருக்கிறாள். 1942 ஏப்ரலில் இந்த நாலு கப்பல்களும் சேர்ந்து எங்கே இருந்தன தெரியுமா? நம் பக்கத்தில். நகுமோவின் விமானந்தாங்கிகளுக்குத் துணையாக இந்தியப் பெருங்கடலில். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது. 9ஆம் தேதி திருகோணமலையில். அன்றைக்கே மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டிஷ் விமானந்தாங்கி ஹெர்மீஸ் மூழ்கியது. அதே நாட்களில் ஒஸாவாவின் இன்னொரு படை வங்காள விரிகுடாவில் சரக்குக் கப்பல்களை வேட்டையாடிக்கொண்டிருந்தது. அதன் கொடிக்கப்பல் சோகாய், டக்காவோவின் கூடப்பிறந்தது. அந்தப் படையின் விமானங்கள் 6ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன.

அடுத்து மெட்ராஸ்தான் என்று பயம். ஊர் காலியானது. அரசாங்க அலுவலகங்களே உள்நாட்டுக்கு நகர்ந்தன. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்னாவது என்று மெட்ராஸ் மிருகக்காட்சி சாலையில் இருந்த சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். எங்கள் வீட்டில் பெரியாயா சொல்லுவாள், அப்போது அவளுக்கு ஆறோ ஏழோ. திருநின்றவூர் தாண்டி மாட்டுவண்டி வண்டியாகப் போச்சாம். பாயும் அம்மியும் கோழிக்கூடும். ஏன் ஓடுகிறோம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. "கப்பல் வருதுன்னாங்க" என்பாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த சரித்திரம். பெரியாயா ஓடியது எந்தக் கப்பலுக்குப் பயந்தோ, அதன் படத்தை நான் மொபைல் வால்பேப்பராக வைத்திருந்தேன். ஊதாக் கண், பெரிய கோட்.

இதை வைத்து அனிமே பார்ப்பதே பாவம் என்று சொல்ல வரவில்லை. நான் கேட்பது வேறு. இந்த சீரிஸின் அடித்தளத்தில் ஒரு அபாரமான படிமம் இருக்கிறது: 2056ல் ஜப்பானை முற்றுகையிட்டிருப்பது ஜப்பானின் சொந்தப் பழைய கடற்படை. தாத்தாக்கள் கட்டிய கப்பல்கள், பேரன்கள் கரையைவிட்டு இறங்க முடியாதபடி மறிக்கின்றன. இதைவிட நேராகக் கடந்தகாலத்தைப் பற்றிப் பேச முடியுமா? ஆனால் பன்னிரண்டு எபிசோடிலும் ஒரு கப்பல்கூட, நான் ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறேன், இந்தப் பெயர் யாருடையது, இந்தப் பெயர் முன்பு என்ன செய்தது என்று அழுத்திக் கேட்பதில்லை. காதல், தோழமை, தனிமை எல்லாம் கற்றுக்கொள்கிறார்கள். நினைவு மட்டும் பாடத்திட்டத்தில் இல்லை.

கதாநாயகித் தேர்வையும் பாருங்கள். நிஜ ஐ-401 சுமார் 122 மீட்டர் நீளம், உள்ளே மூன்று விமானங்களை மடித்து வைத்துக்கொள்ளும் ராட்சத நீர்மூழ்கி. பனாமா கால்வாயைத் தாக்கத் திட்டம் போட்டு, அப்புறம் உலிதி தீவுக்கு மாற்றி, அங்கே போய்ச் சேர்வதற்குள் ஜப்பான் சரணடைந்துவிட்டது. ஒரு கப்பலையும் மூழ்கடிக்காமல் அமெரிக்கர்களிடம் பிடிபட்டது. 1946ல் ஹவாய்க்கு அப்பால் அவர்களே மூழ்கடித்தார்கள். சோவியத் கைக்குப் போகக்கூடாதாம். 2005ல் கடலடியில் கண்டுபிடித்தார்கள். ஆக, இந்தக் கூட்டத்தில் கையில் ரத்தம் படாத கப்பல் அது. அதற்குத்தான் கதாநாயகி வேஷம். ஐ-400ம் ஐ-402ம், அயோனாவின் சகோதரிகள், அவர்களும் அப்படியே. 1942 அக்டோபரில் ஒரே ராத்திரியில் குவாடல்கனாலில் ஹெண்டர்சன் விமானத்தளத்தின் மேல் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட பெரும் குண்டுகளைக் கொட்டியது கொங்கோவும் ஹருனாவும். ஒருத்திக்கு வில்லி வேஷம், இன்னொருத்திக்குக் குழந்தையைக் காக்கும் வேஷம். இதெல்லாம் தெரிந்தே செய்தார்களா, தற்செயலா? தெரிந்தே என்றால் அதைச் சொல்லியிருக்க வேண்டும். தற்செயல் என்றால் அது இன்னும் சோகம்.

கொங்கோவின் முடிவு ஒரு அமெரிக்க நீர்மூழ்கியின் டார்பிடோவால், 1944 நவம்பரில், தைவான் நீரிணையில். சீரிஸிலும் கொங்கோவை எதிர்கொள்வது ஒரு நீர்மூழ்கி. இந்தத் தடவை அது பேச வருகிறது. இது தெரிந்தபிறகு கடைசி எபிசோடை எனக்கு இன்னொரு விதமாகப் பார்க்க முடிந்தது. பிளாஸ்திரி சின்னதுதான், ஆனால் ஒட்டுகிற இடம் சரியான இடம்.

அயோனா வளர்ந்தாளா என்ற பழைய கேள்விக்கும் இங்கேதான் எனக்குப் பதில் கிடைக்கிறது. முக்கால்வாசி சீரிஸில் அவள் வளரவில்லை. குன்ஸோ சொல்வதைச் செய்கிறாள், தான் ஒரு கப்பல் என்று அடிக்கடி நினைவுபடுத்துகிறாள். குன்ஸோவுக்காக உயிரைக் கொடுப்பதுகூட அந்தக் கீழ்ப்படிதலின் நீட்சிதான். பதினோராவது எபிசோடில் தன் இரண்டு சகோதரிகளையும் தானே மூழ்கடிக்க நேர்கிறது. ஜெயித்துவிட்டு அழுகிறாள். அதுவரை அவளுக்கு மூழ்கடிப்பது என்பது ஒரு செயல், ஒரு விடை. அன்றைக்கு முதல்முறையாக அதற்கு அந்தப் பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் என்று தெரிகிறது. நான் 'அவள்' என்று சொல்லத் தொடங்கியது அங்கே. கொன்றது புரிந்த இடத்தில்.

இதே காலத்தில் வந்த 'கான்டாய் கலெக்‌ஷன்' பற்றி ஒரு வார்த்தை. 2013ல் பிரவுசர் விளையாட்டு, 2015ல் அனிமே. அதிலும் கப்பல்கள் பெண்கள். ஆனால் ஆரம்பத்திலிருந்தே விளையாடுகிறவன்தான் தளபதி, எல்லாப் பெண்களுக்கும் அவன்மேல் பாசம். மாற வேண்டிய அவசியமே இல்லாதவர்கள். ஆர்பெஜியோவில் அவர்கள் முதலில் எதிரிகள். எதிரியாக இருந்ததால்தான் வளர இடம் கிடைத்தது.

*

தமிழுக்கு இது புதுசா என்றால், இல்லை. நூறு வருடத்துக்கு முன்பே நாம் ஒரு போர்க்கப்பலை உயர்திணையாக்கிவிட்டோம்.

1914 செப்டம்பர் 22 ராத்திரி. ஜெர்மன் கப்பல் எம்டன், கேப்டன் கார்ல் ஃபான் முல்லர், மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து விளக்கைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டு இருட்டில் போய்விட்டது. மொத்தமும் அரைமணி நேரத்துக்குள். ஏழு வாரத்தில், நவம்பர் 9ஆம் தேதி, கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை முடித்தது. கப்பல் செத்தது. சொல் சாகவில்லை. "அவன் சரியான எம்டன்" என்றால் இன்றைக்கும் அர்த்தம் தெரியும். பொல்லாதவன், பலே ஆள், எப்ப வருவான் எப்ப அடிப்பான் என்று சொல்ல முடியாது. கோபமும் வியப்பும் சரிபாதி. நன்னூலின் நாலாவது காரணமும் இரண்டாவது காரணமும் கைகோத்துக்கொண்டு வந்த திணை மாற்றம்.

அதிலும் பாருங்கள், எம்டன் ஆம்பளை. அப்பா. 2006ல் திருமுருகன் எடுத்த படத்துக்கு முதலில் வைத்த பெயர் 'எம்டன் மகன்'. தமிழ்ப் பெயருக்கு வரிவிலக்கு என்பதால் 'எம் மகன்' ஆனது. கண்டிப்பான அப்பாவாக நாசர், அடி வாங்கும் மகனாக பரத். ஜெர்மனியில் கட்டிய கப்பல் மளிகைக் கடை வைத்திருக்கும் அப்பாவாக வளர்ந்து நிற்பதை எந்த மாங்காக்காரரும் யோசித்திருக்க மாட்டார். ஜப்பானியர்கள் தங்களுடைய கப்பல்களைத் தங்கை ஆக்கினார்கள். நாம் நம்மை அடித்த கப்பலை அப்பா ஆக்கினோம். அடித்தவன் யார் என்பது அந்தச் சொல்லில் இன்னும் இருக்கிறது. தங்கையின் முகத்தில் அது அழிந்துவிட்டது. எனக்கு வால்பேப்பரை மாற்றத் தோன்றியது இந்த இடத்தில்.

மாற்றினேனா என்று கேட்காதீர்கள்.

சுஜாதாவின் ஜீனோவைச் சொல்லாமல் போனால் இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் விடமாட்டார்கள். 'என் இனிய இயந்திரா'வில் நிலாவுக்குத் துணையாக வரும் இயந்திர நாய். அது படித்து, யோசித்து, கிண்டலடித்து, கதையையே தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. கடைசிவரை நாய் வடிவத்திலேயே இருக்கிறது. மனித முகம் வாங்காமல் வளர்ந்த இயந்திரம். நாமும் கடைசிவரை 'அது' என்றே சொல்கிறோம், ஆனாலும் குறைத்துச் சொன்னதாக ஆகவில்லை. பூந்தமல்லிக்காரிக்கு இதை நான் உதாரணமாகச் சொன்னபோது, "அப்ப அஃறிணைன்னா கம்மின்னு நீதான நினச்சிட்டிருந்த?" என்று கேட்டாள். பதில் இல்லை.

எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு ஆர்வம் வரக் காரணம் ஊர். நான் ஆவடி. 'ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் அண்ட் டிப்போ ஆஃப் இந்தியா' என்பதன் சுருக்கம்தான் ஆவடி என்று சின்ன வயதில் எல்லாரும் சொல்லிக்கொடுத்தார்கள். கட்டுக்கதை. 1955ல் காங்கிரஸ் மாநாடு நடந்தபோதே ஊர் ஆவடிதான். டாங்கித் தொழிற்சாலை அப்புறம்தான் வந்தது. 1965ல் அங்கிருந்து வெளியே வந்த முதல் டாங்கிக்கு விஜயந்தா என்று பெயர். அப்புறம் டி-72க்கு அஜேயா. அர்ஜுன். டி-90க்கு பீஷ்மா. கடைசி இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ஒருவர் மேல் ஒருவர் அம்பு விட்டவர்கள், ஒரே தொழிற்சாலையில். ஒருத்தன் போர்க்களத்தின் நடுவில் வில்லைக் கீழே போட்டு உட்கார்ந்தவன். இன்னொருவர் தப்பான பக்கம் என்று தெரிந்தே நின்றவர். பெயர் வைத்தவர்கள் வீரத்தை நினைத்துத்தான் வைத்திருப்பார்கள். ஆனால் அந்தப் பெயர்களில் தயக்கமும் குற்றவுணர்வும் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கின்றன. மூடுபனிக் கப்பல்கள் தொலைத்துவிட்ட சரக்கு அது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் மாமா ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார், இருபத்தெட்டு வருடம் ஒரே மெஷின். ஆயுத பூஜைக்குப் போனால் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, பொரி. மாமா அந்த மெஷினை 'இவ' என்பார். "இவளுக்குக் காலைல கொஞ்சம் சூடேறணும், அப்பறம்தான் சொன்ன பேச்சு கேப்பா." நாங்கள் சிரிப்போம். புது சிஎன்சி வந்து, பழையதைப் பழைய இரும்பு விலைக்கு எடுத்துப்போன அன்றைக்கு மாமா வேலைக்குப் போகவில்லை. ஜுரம் என்றார். புது மெஷினை அவர் 'இது' என்றுதான் சொன்னார், ரிட்டயர் ஆகும்வரை. கப்பல், டாங்கி என்று கொல்கிற இயந்திரத்துக்குத்தான் கதையில் மனசு கொடுக்கிறோம். கடைசல் பிடிக்கிற இயந்திரம் பற்றி யாராவது பன்னிரண்டு எபிசோட் எடுத்தால் முதல் ஆளாக உட்காருவேன்.

போன வாரம் நாலு பேரும் படங்களுக்குப் போனோம், 'டிசி'யும் 'கெடென்ஸா'வும். ஹியே இதில்தான் வருகிறாள், பள்ளிக்கூட மாணவர் தலைவி மாதிரி சீருடையில். பட்டாபிராம்காரன் பார்த்துவிட்டு, "கொழும்புல இதுவும் இருந்துச்சுல்ல?" என்றான். இருந்தது என்றேன். பூந்தமல்லிக்காரி இந்தத் தடவை அவனைத் திருத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பாஸ் பண்ணு, தண்ணி எடுத்துட்டு வரேன்" என்று எழுந்து போனாள்.